தலைக்கு மேல் கால்

இங்கே நான் வேலைக்குப் போவது நாற்காலியில். பின்னாலிருந்து ஒரு நாற்காலி வந்து முழங்காலைத் தட்டும். சட்டென்று உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்ததும் அது தரையை விட்டு எழும்பி, இரும்பு வடத்தில் தொங்கியபடி, மரங்களின் உச்சிக்குச் சமமாக மலைமேல் ஏறும். லிஃப்டு என்றுதான் இதற்கும் பெயர். ரங்கூனில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று யோசிப்போம். இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் கால் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். அவற்றுக்குக் கீழே, பனியில் சறுக்கிக்கொண்டு போகிறவர்களின் தலைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். முதல் குளிர்காலத்தில் இந்தக் கடைசி விஷயம் என் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

நான் ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டைக்காரன். வெள்ளைக்காரன் காலத்தில் நகராட்சி வேலைக்கென்று கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் என் பெயர் செல்வம், பாஸ்போர்ட்டில் மியோ மின். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு கல்லூரி மூடித் திறந்து மூடி, ஒருவழியாக நான் பட்டம் வாங்கியபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பானுக்கு வந்து, தோக்கியோவில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையற்காரன் ஆனேன். அந்தக் கடை மூடப்பட்டபோது நாகானோ மலைப்பக்கம் கறி சமைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். சோற்றின் மேல் ஊற்றித் தருகிற இவர்களுடைய கறி கொழகொழவென்று இனிப்பாக இருக்கும். நம்மூர்க் குழந்தைகள்கூடத் துப்பிவிடும். பனியில் விளையாடிவிட்டு வருகிறவர்கள் அதைத் தட்டுத் தட்டாகச் சாப்பிடுவார்கள்.

கடை மலையுச்சியில் இருந்தது. மாலையில் வெளிச்சம் குறைந்ததும் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அடுப்பையும் பாத்திரத்தையும் கழுவிக் கடையைப் பூட்டிவிட்டு, வேலைக்காரர்கள் எல்லோரும் பனியில் சறுக்கியே அடிவாரத்துக்கு இறங்கிவிடுவார்கள். நான் மட்டும் மேலாளர் இவாதாசான் ஓட்டும் பனிவண்டியின் பின்னால், குப்பை மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாகக் குந்தியிருந்து இறங்கினேன். ஜனவரி தொடக்கத்தில் ஒருநாள் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மியோசான், கறி நல்லா இருக்கு. ஆனா தினமும் ஒரு ஆளை வண்டியில இறக்கிக்கிட்டிருக்க முடியாது. பனி கரையறதுக்குள்ள நீங்களே இறங்கிப் பழகிட்டா வருஷம் பூரா இங்க வேலை. இல்லேன்னா இந்தக் குளிரோட சரி."

வருஷம் முழுக்க வேலை இருந்தால்தான் சரசுவை வரவழைக்க விசா கிடைக்கும். சரசு என் மனைவி. தின்கன்ஜூனில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தைவிடப் பிரிந்திருந்த காலம் நீண்டுவிட்டிருந்தது. அவள் முகத்தை நினைத்துப் பார்த்தால் போட்டோவில் இருக்கும் முகம்தான் வந்தது. அதை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே பணியாளர் அறையில் யாரோ விட்டுப்போன பழைய ஸ்னோபோர்டு ஒன்றைத் துடைத்து எடுத்தேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒற்றைப் பலகை அது. இரண்டு காலையும் அதில் பட்டையால் இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்று சறுக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்க ஹிரோமி ஒப்புக்கொண்டாள். குளிர்காலத்துக்கு மட்டும் எங்கள் கடையில் பரிமாற வந்த கல்லூரி மாணவி, முடிக்குத் தேயிலை நிறச் சாயம் போட்டவள். முதல் நாள் அடிவாரத்துச் சின்ன மேட்டில் என்னை நிற்க வைத்தாள். பிறகு என் காலடியில் மண்டியிட்டு என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பட்டை மாட்டத்தான். ஆனால் கற்றுக்கொடுப்பவர் காலில் நாம் விழுவோமா, அவர் வந்து நம் காலைப் பிடிப்பாரா? ரங்கூனில் வாத்தியாருக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்ததுகூட இல்லை. நான் பதறிப்போய்க் காலை இழுத்தேன். பாதி மாட்டிய பலகை கழன்று, ஆள் இல்லாமல் தன்பாட்டில் சரிவில் ஓடியது. வழியில் இருந்தவர்கள் விலகி ஓடினார்கள். அது போய் வேலியில் முட்டி நின்றது. ஹிரோமி மூச்சிரைக்க அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "கூச்சமா?" என்று கேட்டாள். கிச்சுகிச்சு மூட்டியதால் இழுத்தேன் என்று நினைத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மரியாதை என்று விளக்க என் ஜப்பானிய மொழி போதாது.

எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. பஸ் படியில் ஒற்றைக் காலை வைத்து, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்து, கூட்டத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு ரங்கூன் நடுவிலிருக்கும் சூலே வரை போனவன் நான். நிற்கத் தெரியாதா என்ன? அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. பஸ்ஸில் பிரேக் போட்டால் பின்னால் சாய்ந்து தப்பிக்க வேண்டும். ஸ்னோபோர்டில் பயம் வந்தால் முன்காலில் பாரத்தைப் போட வேண்டும். சரிவைப் பார்த்துச் சாய்கிறவன் நிற்கிறான், மலையைப் பார்த்துச் சாய்கிறவன் பிட்டத்தில் விழுகிறான். நான் விழுந்துகொண்டே இருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு கைலிகளையும் மடித்துக் கால்சட்டைக்குள் மெத்தையாக வைத்துக்கொண்டேன். பனி நனைத்து, மாலையில் அவை கல்லாகக் கனத்தன. கோபம் எனக்குப் பலகை மேல்தான் வந்தது. பழசு, வளைந்துவிட்டது, பட்டை சரியில்லை என்று புலம்பினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜனவரி முடிவதற்குள் இலை உதிர்வதுபோல் இறங்கக் கற்றுக்கொண்டேன். பெயரே அதுதான்: கொனோஹா ஓதோஷி. பலகையின் குதிகால் பக்க விளிம்பைப் பனியில் பதித்தபடி வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மெல்ல மெல்லச் சரிவது. ஆறு வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போயின. பரவாயில்லை, இறங்கிவிட்டேனா இல்லையா? இனிப் பலகையோடு லிஃப்டில் ஏறி, உச்சியிலிருந்து இறங்கிப் பழக வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் வந்தது வினை. லிஃப்டில் ஏறும்போது ஒரு காலைப் பலகையிலிருந்து கழற்றிவிட வேண்டும். மற்றக் காலில் அது தொங்கும். பலகை இல்லாமல் வேலைக்குப் போன நாட்களில் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வேன், யார் தலைக்கும் மேலே நீட்டமாட்டேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. தமிழ் வீட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பர்மியர் தெருவில் இன்னொருவர் தலைக்கு மேலே கை போவதே மரியாதைக்குறைவு, கால் போவது பேச்சுக்கே இடமில்லாதது. இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்த்த கால் இது. இப்போது அதில் ஒரு பலகையும் சேர்ந்து, கீழே போகிற கிழவர்கள், குழந்தைகள், பெண்கள் எல்லோருடைய தலைக்கும் மேலாக ஆடிக்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பலகையை இழுத்து மற்றத் தொடையின் மேல் குறுக்காகப் போட்டுக்கொண்டேன். உச்சியில் இறங்கும்போது பலகை நேராக, முனை தூக்கி இருக்க வேண்டும். என்னுடையது குறுக்கே விழுந்து, நான் உருண்டு, பின்னால் வந்தவர்கள் என் மேல் உருண்டு, லிஃப்டு நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும்.

லிஃப்டுக்காரர் இவாதாசானிடம் போய்விட்டார். "உயரம்னா அவருக்குப் பயம். பலகையோட இனி ஏத்தமாட்டேன்" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. இவாதாசான் என்னிடம் கோபப்படவில்லை. "பயம் தப்பில்லை மியோசான். சில பேருக்கு ஒத்துவராது" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை. வேலை போய்விட்டது என்று அந்தக் கனிவிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரசுவிடம் பேசினேன். பக்கத்து வீட்டு டோ கின் அம்மா வீட்டில்தான் போன். முன்பே சொல்லிவைத்தால் சரசு அங்கே வந்து காத்திருப்பாள். பனி, பலகை, நாற்காலி, தலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க, சமைக்கத்தான போனீங்க? பலகைல ஏறி வழுக்குறதும் ஒரு வேலையா?"

"வழுக்கினாத்தான் சமைக்கலாம். இல்லேன்னா ஒன்னைய கூப்பிட முடியாது."

"யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீங்க சறுக்கமாட்டேன்னு காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டீங்களாக்கும்." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "கடோ சொன்னீங்களா?"

"என்னா?"

"பஸ்ல சாமான் வைக்கிற தட்டு மேல இருக்கிற பையை எடுக்குறப்ப உக்காந்திருக்கிறவுங்க தலைக்கு மேலதான கை போவுது? அதுக்காக யாராச்சும் பையை வுட்டுட்டா எறங்குறாங்க? கடோ நோ, கடோ நோன்னுட்டு எடுக்குறது இல்லையா? நீங்க கடோவும் சொல்லாம, காலையும் நீட்டாம, நடுவுல நின்னா எப்பிடி?"

போனை வைத்தேன். அவள் சொன்னது சரி. பெரியவர் முன்னால் குறுக்கே போக வேண்டுமா, தலைக்கு மேல் கை நீட்ட வேண்டுமா, கடோ நோ, அதாவது மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டுச் செய் என்பதுதான் ஊர் வழக்கம். செய்யாதே என்று யாரும் சொன்னதில்லை. வழக்கத்தில் பாதியை மட்டும் நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஹிரோமி லிஃப்டுக்காரரிடம் கெஞ்சி இன்னொரு முறை ஏற அனுமதி வாங்கித் தந்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி எழும்பியது. காலை நீட்டினேன். கீழே சிவப்புத் தொப்பி ஒன்று வந்தது. "கடோ நோ" என்றேன். நீலத் தொப்பி. "கடோ நோ." ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக வந்தபோது மூச்சுவிட நேரமில்லை.

"சாமி கும்பிடுறீங்களா?" என்றாள் ஹிரோமி. "பயப்படாதீங்க, வடம் அறாது."

"பயம் இல்லை. மன்னிப்பு" என்றேன். "கால், தலை, மேலே. நல்லதில்லை."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு தன் பலகையையும் பார்த்தாள். "உதவி செஞ்சவங்க இருக்கிற பக்கம் கால் நீட்டித் தூங்கமாட்டோம்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க" என்றாள். "ஆனா லிஃப்டை யாரும் யோசிச்சதில்லை." உச்சி வந்தது. பலகை நேராக இருந்தது. முனையைத் தூக்கி, எழுந்து, சறுக்கிப் போய் நின்றேன். லிஃப்டு நிற்கவில்லை. லிஃப்டுக்காரர் பெட்டிக் கடை மாதிரியான தன் அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

மார்ச்சில் ஒரு மாலை, சறுக்க வந்து காலொடிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு பனிவண்டி போய்விட்டது. திரும்பி வரும் வரை காத்திருக்கச் சொன்னார் இவாதாசான். நான் காத்திருக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, நானே குனிந்து பட்டையை இறுக்கிக்கொண்டு, வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் கொஞ்சமாக மலை முழுவதையும் இறங்கினேன். எத்தனையோ முறை விழுந்தேன். அடிவாரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த இவாதாசான் என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தார். "ஒத்ஸுகாரேசாமா" என்றார். வேலை முடித்தவர்கள் எல்லோருக்கும் இங்கே சொல்கிற வார்த்தைதான். எனக்கு அழுகை வந்தது.

வருஷம் முழுக்க வேலை என்று ஆனது; விசா கிடைக்க இலையுதிர்காலம் ஆயிற்று. சரசு வந்த முதல் வாரமே பனி கொட்டியது. நான் வேலை முடிந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் வந்து நின்றாள். நாங்கள் நாலைந்து பேர் ஒன்றாக இறங்கினோம். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, தொப்பி, முகத்தை மூடிய கண்ணாடி. முந்தைய பனி கரைவதற்குள்ளேயே நான் விழாமல் வளைந்து வளைந்து இறங்கப் பழகியிருந்தேன். அவள் கையசைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். எனக்குப் பின்னால் தடுக்கி விழுந்து எழ முயன்றுகொண்டிருந்த பாத்திரம் கழுவும் ஜப்பானியப் பையனிடம் போய், "அடி பட்டுச்சா?" என்று தமிழில் கேட்டு அவன் முதுகுப் பனியைத் தட்டிவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றி, "சரசு" என்றேன். திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விழுறவங்கள்ல தேடுனேங்க" என்றாள்.

தின்கன்ஜூனில், வேலை விட்டு வரும் கூட்டத்தில் நூறு கைலிகளுக்கு நடுவே என் நடையை மாடி ஜன்னலிலிருந்தே கண்டுபிடித்து அரிசியை உலையில் போடுகிறவள் அவள். இங்கே இவர்களைப் போலவே நான் இறங்கியிருக்கிறேன் என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதே கணத்தில், அவளுக்குத் தெரிந்தவன் இன்னும் மேலேயே எங்கோ விழுந்து கிடக்கிறான் என்றும், அவனை அழைத்துவர யாரும் போகவில்லை என்றும் தோன்றியது. பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் என்னருகே வந்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் அவள் ஓரடி பின்தங்கி, நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.