இரண்டாவது வட்டத்துக்குள் சின்னம்மாவின் வீடு

கொழும்பின் மேல் அணுகுண்டைப் போட்டது நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடக்க இருந்தது. பெரிய நகரமொன்றின் மேல் அணுகுண்டு வெடித்தால் என்னவாகும் என்று காட்டும் படம் என் பங்குக்கு வந்தது. பெரிய நகரம் என்று எனக்குத் தெரிந்தது கொழும்பு ஒன்றுதான். வரைபடத்தைப் பிரிஸ்டல் அட்டையில் ஒட்டி, கோட்டைப் புகையிரத நிலையத்தை நடுவாக வைத்து, பால்மாப் பேணியின் மூடியால் ஒரு வட்டம், தேநீர்க் கோப்பையின் பீரிசால் ஒரு வட்டம், சோற்றுப் பீங்கானால் ஒரு வட்டம் போட்டேன். சிவப்புக்குள் எதுவும் மிஞ்சாது. செம்மஞ்சளுக்குள் வீடுகள் விழும், தீப்பிடிக்கும், மனிதரின் தோல் எரியும். மஞ்சளுக்குள் கண்ணாடிகள் நொறுங்கும். காற்றுப் போகும் பக்கமாக நஞ்சுச் சாம்பல் விழும் என்பதற்குக் கரும்பென்சிலால் நீண்ட வால் ஒன்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிறம் தீட்டும்போதுதான் வெள்ளவத்தை செம்மஞ்சளுக்குள் கிடப்பதைக் கண்டேன். அங்கேதான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, மூன்று வயது மகனோடு வாடகை வீட்டில் இருந்தார். சித்தப்பா கட்டாரில். பீரிசைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்துப் பார்த்தேன். அப்போதும் வெள்ளவத்தை தப்பவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் கூடத்துக்கும் இடையே நடந்தேன். யன்னல் இல்லாத அறை நல்லது என்று சேர் தந்த தாளில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரேயொரு இடம் கழிப்பறைதான் என்று கண்டுபிடித்தேன். அம்மாவிடம் சொன்னேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, “விசர்க் கதை கதைக்காமல் போய் நிறத்தை அடி” என்றார்.

சனிக்கிழமை காலை அம்மா சந்தைக்குப் போனார். கரண்ட் இல்லை. மேசையில் அவருடைய போன் கடைசிச் சொட்டுச் சார்ஜோடு கிடந்தது. எடுத்துச் சின்னம்மாவுக்கு அடித்தேன். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

“சின்னம்மா, நீங்கள் கொழும்பில இருக்க ஏலாது. குண்டு விழுந்தா உங்கட வீடு மிஞ்சாது. தம்பியையும் கூட்டிக்கொண்டு இண்டைக்கே வாங்கோ.”

“ஆர் சொன்னது?” என்று மட்டும் கேட்டார்.

“சேர் சொன்னவர்.”

அதோடு போன் செத்துவிட்டது.

என் சேர் விஞ்ஞான ஆசிரியர். சின்னம்மா நினைத்த சேர் வேறு. அப்பா எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் வளவில் மின்வேலை பார்த்தார். அங்குள்ள அதிகாரியை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் சொல்வோம். விமானப்படை முகாமுக்கு அருகில் வேலை செய்யும் பெரிய மனிதர் ஒருவர் ஒரு விசயத்தை முன்கூட்டியே அறிந்து சொல்லியிருக்கலாம் என்று சின்னம்மா நம்பியதில் பிழையில்லை. அவர் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். அம்மாவின் போனுக்கு உயிரில்லை. அப்பாவின் போன் வழமைபோல வாசல் காவலரணில், பெட்டிக்குள் இருந்தது. உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

கேட்காமல் போன் எடுத்ததற்கு ஏச்சு விழும் என்று நான் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. படலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் நாலு மணி கழிந்து, காவலரணில் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“கொழும்பில குண்டு எண்டு பிள்ளை போன் எடுத்ததாம். என்ன கதை இது? நான் எடுத்தா, கந்தளாய் தாண்டிட்டன் அத்தான், இன்னும் ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன் எண்டு சொல்லுறா.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். “அவ வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

சின்னம்மா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். வேலைக்குப் போகக் கட்டிய சேலை. ஒரு கையில் தம்பி, மறு கையில் ஒரு பை. பைக்குள் பிறப்புச் சான்றிதழ்களும் பாஸ்போட்டும் பால்மாவும் இருந்தன; மாற்றிக் கட்ட ஒரு துணி இல்லை. அம்மா நடந்ததைச் சொன்னார். சின்னம்மா கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போகவே அம்மா போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். தம்பிக்குச் சட்டை மாற்றும்போது உள்பக்கம் ஊசியால் குத்தியிருந்த தாள் துண்டொன்றை அம்மா கண்டார். அவனுடைய பெயரும் எங்கள் விலாசமும் அதில் இருந்தன. அம்மா அதைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒருவரும் ஏசவில்லை. அதனால் நான் செய்தது சரியென்றே எடுத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் காலத்தில் சின்னம்மா எறிகணைகள் விழுந்த இலங்கைத்துறையில் இருந்தவர். அங்கிருந்து எப்படி வெளியே வந்தார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர் திரும்பிப் போனார். அதற்கு முதல் நாள் என் அருகில் நிலத்தில் வந்து இருந்து, படத்தை விளங்கப்படுத்தச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்காட்சியில் சொல்வதுபோலவே சொன்னேன்.

“முதல்ல பெரிய வெளிச்சம் வரும். என்னெண்டு பார்க்க ஆக்கள் யன்னலடிக்கு ஓடுவினம். பிறகுதான் அதிர்ச்சி வந்து கண்ணாடி உடைஞ்சு குத்தும். அதால வெளிச்சத்தைக் கண்டவுடன கீழ படுக்கவேணும்.”

“ஓம். சத்தம் பிந்தித்தான் வரும்” என்றார் சின்னம்மா. மடியில் தம்பி நித்திரை. “அந்த இடைக்குள்ள பிள்ளையைக் கீழ போட்டு மேல படுத்திடலாம்.”

சேர் தந்த தாளில் அந்த இரண்டாவது விசயம் இல்லை. சின்னம்மாவும் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. சோதனையில் விஞ்ஞானத்துக்கு என்ன பெறுபேறு என்று கேட்டேன்.

சின்னம்மா தம்பியின் தலையை மடியில் சரிசெய்துவிட்டார்.

“பாஸ் பண்ணினனான்” என்றார்.