வாஷிங் மெஷினில் ஒரு சுரைக்கொடி

பதினொன்றே கால் ஆனதும் எக்ஸ்ரே அக்கா ஜன்னலில்லாத அறையிலிருந்து வெளியே வந்து, ஈயக் கவசத்தைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் வீட்டுக்குப் போன் போடுவார்.

"தக்காளிய நகர்த்திட்டீங்களா?"

மறுமுனையில் அவர் கணவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று தினமும் நம்புகிறவர்.

"நகர்த்திட்டேன்."

"எங்க?"

"துணிக்கொடிக்குக் கீழ."

"அங்க அரை மணி நேரத்துல நிழல் வந்துரும். இன்னும் ரெண்டு அடி தள்ளுங்க. மெதுவா! காய் இருக்கு."

மூன்றாம் மாடியில், ஒரு கட்டில் அகலத்துக்கு பால்கனி. எதிர்க் கட்டடம் போனால் போகிறதென்று விட்டுவைப்பது நாலு மணி நேர வெயில். அதனால் அக்காவின் தோட்டம் சக்கரத்தில் ஓடுகிறது. உடைந்த நாற்காலிகளின் சக்கரங்களைப் பலகையில் முடுக்கி, பலகைமேல் பெயின்ட் வாளி, வாளியில் தக்காளி. கைப்பிடி அறுந்த சூட்கேஸில் கீரை. விரிசல் விட்ட ஹெல்மெட்டில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி. மூலையில், உயிரை விட்ட வாஷிங் மெஷினின் உருளை. "ஓட்டை போடுற வேலையே இல்ல பாருங்க, கம்பெனிக்காரனே போட்டுக் குடுத்துட்டான்" என்பார். அதில்தான் சுரைக்கொடி.

பகலெல்லாம் நோயாளிகளிடம் சொல்லும் வார்த்தை செடிகளிடமும் வந்துவிடும். பூச்சி பார்க்க இலையைத் திருப்பும்போது, "அசையாதீங்க... அவ்ளோதான், முடிஞ்சுது."

எல்லாம் காய்த்தன. சுரை மட்டும் மூன்று வருடமாக அவரை ஏய்த்தது. பூக்கும், பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிரும். அந்த உயரத்துக்கு வண்டு எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த முறை பூ விட்டதும் ஆள் வந்துவிட்டார். இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கையில் ஒரு தாள்.

"நிமிஷத்துக்குப் பதினேழு சொட்டு, என் துணி மேல. உத்தேசமாச் சொல்லல, எண்ணினது."

அக்கா அன்றே வாளிகளுக்கு அடியில் தட்டு வைத்தார். சொட்டு நின்றது. வாத்தியார் நிற்கவில்லை. "கொடி இறங்கி என் சமையலறை ஜன்னல அடைக்குது. மாசக் கடைசிக்குள்ள எடுத்துடுங்க. இல்லன்னா குடியிருப்போர் சங்கத்துல எழுதிக் குடுப்பேன்."

சங்கம் கொடியோடு விடாது. வாளி, சூட்கேஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லும். கொடி போவதற்குள் ஒரு காயாவது பிடிக்க வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம் வந்தது. சுரை பூப்பதோ பொழுது சாயும் நேரம். அந்த மாதம் பார்த்து மருத்துவமனையில் அவருக்கு மாலை டியூட்டி.

"ஸ்பீக்கர்ல போட்டுட்டு பால்கனிக்குப் போங்க. ஆண் பூவப் பறிச்சு, இதழ உரிச்சுட்டு, பிஞ்சோட இருக்கிற பூவுக்குள்ள லேசாத் தடவுங்க."

"வேன் ஓட்டச் சொல்லு, ஓட்டுறேன். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற தரகு வேலையெல்லாம் எனக்கு வராது."

தினமும் இதே பேச்சு. பிஞ்சுகள் வரிசையாக உதிர்ந்தன.

மாதத்தின் கடைசி ஞாயிறு. அக்கா கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போனார். கீழே இறங்கிக் கிடந்த கொடியை முதலில் மேலே இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"இழுக்காதீங்க! அம்மா, இழுக்காதீங்க!"

அலறியது வாத்தியார். அக்கா இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பழைய பனியனில் கட்டிய தொட்டிலில், ஒரு சுரைக்காய் சொகுசாகப் படுத்திருந்தது. பக்கத்தில் நூலில் ஓர் அளவுகோல் தொங்கியது.

"எப்படி சார் இது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நீங்கதான் தினமும் சொன்னீங்களே, ஸ்பீக்கர்ல. உங்க வீட்டுக்காரர் கேக்கல. எனக்குக் கேட்டுது. ஒரு நாள் இங்கயும் ரெண்டு பூ விரிஞ்சுது. செஞ்சுதான் பார்ப்போமேன்னு..." தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர்."

"அப்ப சங்கத்துக்கு எழுதின தாளு?"

"அதோட பின்பக்கத்துலதான் அளவு எழுதிட்டு வரேன்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு காயை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். "இளசாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விடலாம்."

செவ்வாய்க்கிழமை காலையில் கத்தியோடு இறங்கினார். மூன்று வருடம் காத்திருந்த காய். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காம்பில் கத்தியை வைத்தார். வாத்தியார் பனியனின் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் காயையே பார்த்து நின்றார்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். பனியனைத் தாம் வாங்கிக்கொண்டு, கத்தியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி அவரிடம் நீட்டினார்.