அம்மன் கண்ணில் எச்சில்

என் மாப்பிள்ளை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். தங்கமான மனுஷர். ஆனால் அவருடைய பொழுதுபோக்கை நினைத்தாலே எனக்குக் குமட்டும். மேஜைமேல் பொம்மைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கென்று வெளிநாட்டில் அந்தக் காலத்தில் ஈயத்தில் வார்த்த, விரல் உயரப் பூதங்களைத் தேடி வாங்குவார். பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தீட்டுவார். குடல் சரிந்த பூதம், சீழ் வடியும் பூதம். அதற்கும் கடுகளவு கண்ணை அவ்வளவு அழகாக வைப்பார்.

அதனால்தான் ஆடி மாதம், பெரியபாளையத்தில் வாங்கிய எங்கள் வீட்டு அம்மன் சிலைக்கு, உதிர்ந்துபோன கண்ணை எழுதித் தரச் சொன்னேன். அவரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கற்பூரத்தோடு நின்றேன். கருவிழி வைக்கும் நேரத்தில் பிரஷ் நுனியை நாக்கில் வைத்து உருட்டி, அப்படியே அம்மன் கண்ணில் வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இன்னா மாப்ள இது! எச்சிய போய்..."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாமா, பொம்மைக்குப் பண்ற பழக்கம். நுனி கூராவணும்னு தன்னால வந்துட்ச்சி. அழிச்சிடட்டா?"

என் மகள்தான் அதட்டினாள்.

"யாராவது அம்மன் கண்ண அழிப்பாங்களா? எப்டி பாத்துக்கினு கீறா பாருப்பா!"

உண்மைதான், உயிருள்ள பார்வை. மஞ்சள் தண்ணீர் தெளித்து மன்னிப்புக் கேட்டேன். அருவருப்பு மட்டும் இன்னும் போகவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அம்மன் என்னைப் பார்க்கிறாள். நான் அவள் பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.