இரண்டரை மணிக்குப் பாடும் கம்ப்யூட்டர்

கபீர் அங்கிள் போய்விட்டார்... நேற்று மதியம் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலேயே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

அம்மாவின் பக்கத்தில் இதை எழுதுவது அம்மா இல்லை. அவருடைய மகள். அம்மா தூங்குகிறார், ஃபோன் என் கையில். காலையில் திட்டு நிச்சயம். ஆனால் அங்கிளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள்.

கல்ஃபுக்கு வந்து கராமாவில் குடியிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கம்ப்யூட்டரை அவர் திறந்து பார்த்திருப்பார். கீழக்கரைக்காரர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர்.

நான் ஆறாவது படிக்கும்போது அம்மா வேலைக்குச் சேர்ந்தார். அதனால் வாசலுக்கு ஒரு கேமரா, ஹாலுக்கு ஒன்று. அங்கிள் ஏதோ ஆஃபீஸில் கழித்துப்போட்ட பழைய சிபியு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரெக்கார்டிங்குக்கு ரெடிமேடா டப்பா கிடைக்குதே பாய், இது எதுக்கு?" என்றார் அப்பா.

"அந்த டப்பா பாடுமா சார்? இவ்ளோ பாட்டு சிடி சும்மா கெடக்குது. ஒரே மெஷின், ரெண்டு வேல."

தரையில் உட்கார்ந்து இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினார். ஒன்று கேமராவுக்கு, ஒன்று பாட்டுக்கு. ஒன்றாக வைத்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளுமாம்.

ஒரு வாரம் கழித்து ரெக்கார்டிங் சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்தார். அம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் வாசல் கேமராவை டிவியில் வேகமாக ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை; அப்போது இங்கே வெள்ளி, சனிதான் லீவு. யூனிஃபார்மில் நான், கையில் சாவி, மூடிய கதவு. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு அம்மா வரும்வரை அங்கேயே. திங்களும் அதே. செவ்வாயும் அதே...

"சாவி சேரலையா புள்ள?"

"சேருது அங்கிள்."

"பெறவு?"

"உள்ள ஒரு சத்தமும் இருக்காது... பயமா இருக்கு. அம்மாட்ட சொல்லிடாதீங்க. வேலைய விட்ருவாங்க."

சமையலறைப் பக்கம் பார்த்தார். படத்தை மூடினார். "டீ வருது. கண்ணத் தொடச்சுக்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வழக்கம்போல இரண்டரை மணிக்கு ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தேன். சாவி போடுவதற்கு முன்பே உள்ளே பாட்டு கேட்டது. நல்ல மேளத்தோடு, வீடு நிறைய ஆள் இருப்பது மாதிரி. கதவைத் திறந்து நேராக உள்ளே போனேன்.

வாசல் கேமராவில் ஆள் தெரிந்தால் பாட்டு தொடங்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

முதலில் யார் வந்தாலும் பாடியது. தண்ணீர் கேன்காரர் கேனை இறக்கிவைத்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் பெல் அடித்தார். அப்பாதான் கத்தினார். "பாய், டூட்டி முடிஞ்சு தலைவலியோட வரேன், குத்துப்பாட்டு போடுது!"

"டெஸ்டிங்ல விட்டுட்டேன் சார்" என்று இரண்டரையிலிருந்து மூன்று மணிவரை மட்டும் பாடும்படி மாற்றினார். அதையும் ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "டெய்லி அர மணி நேரமாச்சும் பாடலேன்னா ஸ்பீக்கர் கெட்டுரும் சார்."

அப்பா இன்னமும் அதை நம்புகிறார்.

தூசி துடைக்க வரும்போதெல்லாம், "இந்த ஊர்ல மெஷினுக்கும் ஆஸ்துமா" என்பார். கிளம்பும்போது வாசல் கேமராவை நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை கை காட்டுவார். சிரிக்க மாட்டார். செக் பண்ணுகிறாராம்.

இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். "நல்ல மனுஷன்... இனி அந்த மெஷின யாரு பாக்குறது? நாளைக்கு லீவுதானே, கழட்டிட்டு சின்னதா வைஃபை கேமரா மாட்டிரலாம்."

மெஷின் போனால் பாட்டும் போய்விடும். எட்டாவது படிக்கிறேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மா, காலையில் எழுந்ததும் நீ ஃபோனைத்தான் எடுப்பாய். அப்பா ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்குள் இதைப் படித்துவிடு. திட்டுவதைப் பிறகு திட்டிக்கொள். வேலையை மட்டும் விட்டுவிடாதே.

ஹாலில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். மேலே கேமராவின் சிவப்பு லைட் எரிகிறது. மெஷின் என்னையும் ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கும்.

நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை கை காட்டிவிட்டேன்.

போயிட்டு வாங்க அங்கிள்...