காத்தாயி சொன்னதும் காத்தாடி நின்றதும்

வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. வந்துகொண்டிருந்த காலம். மன்னார்குடியில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் அம்சத்தின் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ள என்னம்மா, நெல்லு அரைக்கிறியா?" என்பதுதான்.

அரைத்தது பழைய கம்ப்யூட்டர். அதன் பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் சின்னக் காத்தாடி, அறுப்புக் காலத்து நெல் சுணையை இழுத்து இழுத்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நடவும் களையெடுப்புமாக இருந்த குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவள் அம்சம். அந்தச் சத்தம் அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை, காத்தாயி வரும்வரை.

காத்தாயி மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவள். ஒரு சம்பா முழுக்கத் தரிசாகப் போட்டுவிட்டாள், அவளை வெளியேற்ற வேண்டும் என்று மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். பதில் மனு கொடுக்க வேண்டும். ஏன் தரிசாகக் கிடந்தது என்று அம்சம் கேட்டாள். கிழவி ஏதோ சொன்னாள். காத்தாடி அதைத் தின்றுவிட்டது. சத்தமாகச் சொல்லச் சொன்னதும் காத்தாயி வாசலைப் பார்த்தாள். எதிர் டீக்கடையில் அவள் கொழுந்தன் தங்கையன் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"மழை இல்லன்னு போட்டுரு" என்று எழுந்துவிட்டாள்.

அந்த வருஷம் பாமணியாறு கரையைத் தொட்டு ஓடியது ஊருக்கே தெரியும். அப்படி எழுதினால் நிலம் போனது போனதுதான். காலையில் மறுபடி வரச்சொல்லி அனுப்பினாள் அம்சம். கோர்ட்டில் வாய்தா அன்றைக்கே பதினொரு மணிக்கு.

சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பெட்டியைக் கழற்றினாள். மெக்கானிக் முன்பு செய்தபோது பார்த்து வைத்திருந்தாள். சுணையைத் துடைத்து, காத்தாடியின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளை உரித்து, தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். ஓடவிட்டால் கம்மென்று ஓடியது.

மார்கழி விடியலில் பனி ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மூச்சுக்கூட விடவில்லை. அம்சத்துக்கு உள்ளுக்குள் பெருமை. காத்தாயி நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் வீட்டுக்குள் பேசுகிற குரலில் பேசினாள். தரிசாகப் போடவில்லை. நட்ட நடவு. பச்சை பிடித்திருந்த வயலில் மாட்டை இறக்கிவிட்டவன் தங்கையன். அதற்குக் கூலியாக மிராசுதார் அவனுக்குக் களத்துமேட்டை விட்டுக்கொடுத்திருந்தார். செத்துப்போன புருஷனின் தம்பியை எப்படிக் கோர்ட்டில் இழுப்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரி அடிக்கும்போது சூடான வார்னிஷ் வாடை வந்தது. திரை இருண்டது. அடித்ததெல்லாம் போய்விட்டது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. குளிரில் தேங்காயெண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்து காத்தாடியைக் கவ்விப் பிடித்திருந்தது; சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானே அணைந்திருக்கிறது. அவள் பெருமைப்பட்ட அமைதி, ஓடாத அமைதி.

பெட்டியை வாசல் வெயிலில் வைத்தாள். பக்கத்துத் தையல்கடை லத்தீஃபா எட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறியா, அம்சம்?" சிரித்துக்கொண்டே துண்டுத் துணியும் மிஷின் எண்ணெயும் கொண்டுவந்தாள். உருகியதைத் துடைத்தெடுத்து மிஷின் எண்ணெய் விட்டார்கள். விரலால் தட்டினால் காத்தாடி தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெட்டியை மாட்டி மறுபடி உட்கார்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பின்புறம் கை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது, தூரத்து வண்டுபோல ஒரு முனகல், அவ்வளவுதான்.

காத்தாயி யோசித்தாள். "அவன் பேரப் போட்டுத்தான் ஆவணுமா?"

"போடலன்னா நீங்க தரிசாப் போட்டதாத்தான் ஆவும், பெரியம்மா."

ஒரு முறை சொன்ன வாய். அதற்குப் பிறகு விழுங்க முடியவில்லை.

"போடு" என்றாள். "அவங்கப்பன் பேரையும் சேத்துப் போடு. வேற தங்கையன்னு சொல்லிரப் போறானுவ."

மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். டீக்கடையிலிருந்து தங்கையன் கேட்டான்: "என்ன அண்ணி, இன்னைக்கு மில்லு ஓடலயா?"

"ஓடுது தம்பி" என்றாள் காத்தாயி, நிற்காமல். "சத்தந்தான் இல்ல."