சிரித்தேன், சுளித்ததாய்த் தெரிந்தது

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகி நைட்டியை நனைத்தது. துப்ப முயன்றேன், உதடு குவியவில்லை. கண்ணாடியில் இடது கன்னம் தொங்கிக் கிடந்தது.

கணினியில் மனித முகங்களை அசைய வைப்பது என் வேலை. ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஒரு சென்னை நிறுவனத்துக்குச் செய்துவந்தேன். புருவம் எவ்வளவு ஏறினால் வியப்பு, மேலுதட்டை எவ்வளவு தூக்கினால் அருவருப்பு என்று என் முகத்திலேயே செய்து பார்த்துத்தான் வரைவேன்.

கணவர் சேவியர் உடனே வேலூருக்கு அழைத்துப் போனார். மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். இடது பக்கம் எதுவும் நடக்கவில்லை.

"பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. முகநரம்பு வாதம் (முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). சீக்கிரமா வந்தது நல்லதாப் போச்சு. சரியாவ மாசக்கணக்குல ஆகலாம்."

ஸ்டீராய்டு மாத்திரையும் (வீக்கத்தைக் குறைப்பது) மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார்.

வலியை எதிர்பார்த்திருந்தேன், வந்தது அருவருப்பு. சோறு இடது கன்னத்துக்குள் தங்கிப் புளித்தது. விரல்விட்டு வழித்தெடுப்பேன். எச்சில் தாடையில் வழிவது எனக்கே தெரியாது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் தெருவில் வளர்ந்தவள் நான். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியதில்லை. என் தலையணை உறையைத் தொட மட்டும் கூசியது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ரேச்சல் ஒருநாள் தான் வரைந்த படத்தைக் காட்ட நோட்டை நீட்டியபடி ஓடிவந்தாள். சிரித்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, புடிக்கலயா? ஏன் அப்டி மூஞ்ச சுளிக்கிற?"

"சிரிக்கிறேன்டி."

"பொய் சொல்ற." நோட்டை மூடிக்கொண்டாள்.

குளியலறையில் போய்ச் சிரித்துப் பார்த்தேன். வலது உதடு மட்டும் ஏறி, மூக்கு ஒருபக்கம் இழுபட்டிருந்தது. இகழ்ச்சிக்கு நான் வரையும் முகம் அதுதான்.

மூன்றாவது வாரம் மேலாளர் வீடியோவில் அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சூனியக்காரி கேரக்டர் ஒண்ணு இருக்கு. இப்போ உங்க மூஞ்சிய கேமரால புடிச்சிட்டா செம ரியலா வரும்."

"என் மூஞ்சிய நானே பாக்க முடியல சார். அது விக்கிறதுக்கு இல்ல."

"ஏன் மேடம் கோவப்படறீங்க?"

கோபமே இல்லை. அந்த மனிதரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது; என் முகத்தால் அதைக்கூடச் சரியாகக் காட்ட முடியவில்லை. அந்த நிறுவனத்து வேலையையே விட்டேன்.

அதன்பின் சிரிக்கும்போதெல்லாம் "அம்மா சிரிக்கிறேன்" என்று ரேச்சலிடம் வாயால் சொன்னேன். அவளும் மெல்ல நம்பினாள். உங்களுக்கும் இந்த வாதம் வந்தால், சிரிப்பதை வீட்டில் வாயால் சொல்லிவிடுங்கள். அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

நான்காம் மாதம் இடது உதட்டோரம் முதன்முதலாகத் துடித்தது. இப்போது எட்டு மாதம். இணையசைவு (ஒரு தசை அசைந்தால் இன்னொன்றும் சேர்ந்து அசைவது) மிச்சமிருக்கிறது. சிரித்தால் இடது கண் சுருங்குகிறது. காய்ந்த தாடையையும் துடைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

வலது பக்கம் உடனே சிரித்துவிடுகிறது. இடது பக்கம் சற்றுத் தாமதமாக வருகிறது. அது வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.