ஒரு தலையில் இரண்டு நோய்

முதலில் போனது புருவம். வகுப்பில் நான் கோபப்பட்டாலும் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. அடுத்து நெற்றி இரண்டு விரல் அகலம் மேலே ஏறியது. பிறகு உச்சியில் ஒரு சொட்டை விழுந்தது. அதைச் சுற்றி எரிச்சலும் அரிப்பும். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள்.

முடி கொட்டத் தொடங்கினால்தான் நம்மைச் சுற்றி எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்று தெரியவரும். என் கணவரின் தங்கை பண்டாரவளையில் இருந்து வரும்போதெல்லாம் புதிதாக ஒரு காரணம் கொண்டுவருவாள்.

"அண்ணி, அது நீங்க பூசுற டையால தான்."

"நான் டையே பூசுறதில்லையே."

அடுத்த மாதம் வந்தபோது அதற்கும் பதில் வைத்திருந்தாள். "பூசாததால தான் அண்ணி. நரை வேர் வரைக்கும் எறங்கிருச்சு."

அவளே என்னை ஒரு பியூட்டி பார்லருக்குக் கூட்டிப்போனாள். பார்லர்காரி ஏழு மூலிகை எண்ணெய் ஒரு போத்தல் தந்து, மூன்று மாதத்தில் புல் மாதிரி முளைக்கும் என்றாள். மூன்று மாதத்தில் நெற்றி நிறையப் பரு முளைத்தது. எண்ணெய் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளமாம். என் கணவருக்கோ எந்தக் கவலையும் இல்லை. "இந்த வயசுல உன்னைய யாரு பாக்கப் போறா?" என்றார். தனக்கு மிஞ்சியிருக்கும் நாலு முடியை இடமிருந்து வலமாகப் படிய வைக்க அவர் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்பார்.

கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் ஒரு சிங்களப் பெண். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். தலையில் மிளகளவு சதையை எடுத்துத் தையல் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து அறிக்கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு வருத்தம் ஒண்ணா இருக்கு டீச்சர். முன்னுக்கு ஒண்ணு, உச்சியில ஒண்ணு. ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரி. உங்க உடம்பே முடி வேரை அழிக்குது. வேர் போன எடம் தழும்பாயிருச்சு, அதுல இனி வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"எதனால வந்துச்சு டாக்டர்?"

"சரியாத் தெரியாது. பரம்பரையா இருக்கலாம், ஹார்மோனா இருக்கலாம். மூஞ்சிக்குப் பூசுற கிரீம் மேலயும் சந்தேகம் இருக்கு. நிரூபிக்கல."

அந்த வருடம் முழுக்க என்னிடம் 'தெரியாது' என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதைச் சொல்வதற்கே அத்தனை வருடம் படிக்க வேண்டியிருக்கிறது போல. பிறகு உச்சிக்கு முன்னால் குறுக்கே ஓடிய ஒரு தடத்தைத் தொட்டு, "இது வேற மாதிரி. இங்க எதையாச்சும் இழுத்துக் கட்டுவீங்களா?" என்றார்.

முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் உட்காரும் இடம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். நான் சொல்லி முடிப்பதற்குள் தலைத்துணியை அவிழ்த்தாள். ஒரு காதுப் பக்கமிருந்து மறு காதுப் பக்கம் வரை வழவழவென்று ஒரு பட்டை.

"இதுக்கா பதுளை வரைக்கும் போன? இது கயித்துத் தடம். நம்ம மலையில எல்லாருக்கும் இருக்கு."

அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போக நினைத்தேன். அவள் லீவு கேட்கப் போனபோது, கொழுந்து வேலையை மேற்பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் சிரித்தாராம். "கயிறு போட்டா முடி கொட்டுமா? இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலயே."

"நீங்க ஒரு மாசம் கூடையப் போட்டுப் பாருங்க ஐயா. அப்புறம் சொல்லுங்க" என்றிருக்கிறாள் அக்கா. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு லீவு கொடுத்தார்.

எனக்குத் தலையில் ஊசி போட்டு, மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையும் எழுதினார்கள். அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண்ணையும் சோதித்தார்கள். நாத்தனார் மாத்திரையின் பெயரைப் போனில் தேடிவிட்டு, "அப்பவே நெனச்சேன் அண்ணி, கொசு கடிச்சுத்தான் கொட்டியிருக்கு" என்றாள். ஒரு வருடத்தில் அரிப்பு நின்றது. நெற்றியும் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. போன முடி வரவில்லை.

அக்காவுக்கு நோய் எதுவும் இல்லை, கயிறு மட்டும்தான் என்றார் டாக்டர். பாரத்தைத் தோளுக்கு மாற்றச் சொன்னார். கிழிந்த பள்ளிக்கூடப் பை ஒன்றின் வார்களைப் பிரித்து அக்கா தன் கூடையில் தைத்துக்கொண்டாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அதைப் பார்த்த உத்தியோகத்தர், இது தோட்டத்து வழக்கமில்லை என்றார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் தங்கள் கூடைகளோடு வந்து, அந்த வாரை எப்படித் தைத்தாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.